ஹார்மோனை அடக்கும் ஊசி: ஏழு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுத் தாத்தாவுக்கும் ஏன் ஒரே மருந்து?

போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம். அயனாவரம் பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் மருந்துக்கடைக்கு ஒரு அம்மா வந்தார். ஒரு கையில் டாக்டர் சீட்டு, இன்னொரு கையில் போன். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அண்ணா, இந்த ஊசி பேரைப் போட்டுப் பார்த்தா புராஸ்டேட் கேன்சர்னு வருது. என் பொண்ணுக்கு ஏழு வயசுதாண்ணா ஆகுது. அவளுக்குக் கேன்சரா? டாக்டர் எங்கிட்ட மறைக்கிறாரா?"

சீட்டில் இருந்த பெயர் லியூப்ரோலைடு டிப்போ. "கேன்சர் இல்லம்மா. முதல்ல ஸ்டூல்ல உட்காருங்க, சொல்றேன்" என்றேன். அன்றைக்குக் கடையில் கூட்டம். பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அதே வாரத்தில் வில்லிவாக்கத்துப் பெரியவர் ஒருவரும், அம்பத்தூரில் வேலை பார்க்கும் முப்பது வயதுப் பெண் ஒருவரும் இதே பெயர் எழுதிய சீட்டோடு வந்தார்கள். பெரியவருக்கு புராஸ்டேட் புற்றுநோய், அதாவது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் வருவது. அந்தப் பெண்ணுக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்ற மாதவிடாய் வலி நோய். குழந்தைக்கு வயதுக்கு முன்பே பூப்பு அறிகுறிகள். மூன்று பேருக்கும் ஒரே மருந்து எப்படிப் பொருந்தும் என்பது நியாயமான கேள்வி.

பதில் சுருக்கமானது. இந்த ஊசி நேராகப் புற்றுநோயைத் தாக்குவதில்லை, கட்டியைக் கரைப்பதும் இல்லை. மூளையிலிருந்து பாலின ஹார்மோன்களுக்குப் போகும் உத்தரவை நிறுத்துகிறது. அந்த ஹார்மோனால் யாருக்கு எந்தத் தொல்லையோ, அந்தத் தொல்லை அடங்குகிறது. சுருக்கம் அவ்வளவுதான். ஆனால் அந்த உத்தரவு எப்படி நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் ஊசி போட்ட பிறகு உடம்பில் நடப்பது எதுவும் பயமுறுத்தாது.

நிற்காமல் அடிக்கும் மணி

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி. அதற்குக் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி. ஹைப்போதலாமஸ் ஒரு சின்ன ஹார்மோனைத் துளித் துளியாக அனுப்பும். மருத்துவர்கள் அதை ஜிஎன்ஆர்எச் என்பார்கள். பத்து அமினோ அமிலங்கள் கோத்த சிறு மாலை அது. வயது வந்தவர்களில் சுமாராக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை இந்தத் துளி வரும். ஒவ்வொரு துளிக்கும் பிட்யூட்டரி விழித்து, எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். அவை போய்ப் பெண்ணின் சினைப்பையில் ஈஸ்ட்ரோஜனையும், ஆணின் விதைப்பையில் டெஸ்டோஸ்டிரோனையும் சுரக்க வைக்கும்.

பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொள்ளுங்கள். பீரியடுக்கு ஒரு முறை அடித்தால் பிள்ளைகள் எழுந்து அடுத்த வகுப்புக்குப் போவார்கள். ஒரு நாள் சுவிட்ச் மாட்டிக்கொண்டு மணி நிற்காமல் அடிக்கிறது என்று வையுங்கள். முதல் பத்து நிமிடம் பள்ளிக்கூடமே வராந்தாவுக்கு ஓடிவரும், ஒரே களேபரம். அரை மணி நேரம் கழிந்தால்? யாரும் தலை நிமிர மாட்டார்கள். மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும், ஆனால் அது எவர் காதிலும் விழாது.

லியூப்ரோலைடு செய்வது இதைத்தான். இயற்கையான ஜிஎன்ஆர்எச்சை அச்சில் வார்த்தது போலச் செய்து, ஓர் இடத்தில் மட்டும் அமினோ அமிலத்தை மாற்றி, வால் நுனியையும் மாற்றியிருக்கிறார்கள். அதனால் உடம்பு அதைச் சீக்கிரம் சிதைக்க முடியாது, பிட்யூட்டரியை அது இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விட்டு விட்டு வரவேண்டிய உத்தரவு ஓயாமல் வருகிறது. பிட்யூட்டரி முதலில் துள்ளுகிறது, பிறகு காதை மூடிக்கொள்கிறது. இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும்.

ஜிஎன்ஆர்எச்சின் அமைப்பை 1971-ல் கண்டறிந்தவர் ஆண்ட்ரூ ஷாலி. தனியாகப் போட்டி போட்டு அதே வேலையைச் செய்தவர் ரோஜர் கில்லமின். மூளையின் பெப்டைடு ஹார்மோன்களைக் கண்டறிந்ததற்காக 1977-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதைவிட எனக்கு வியப்பானது 1978-ல் எர்ன்ஸ்ட் நோபில் குழு அமெரிக்காவில் ரீசஸ் குரங்குகளிடம் பார்த்த சோதனை. ஜிஎன்ஆர்எச்சை விட்டு விட்டுச் செலுத்தினால் பிட்யூட்டரி வேலை செய்தது, நிறுத்தாமல் செலுத்தினால் அடங்கிவிட்டது. தூண்டுகிற பொருளையே தொடர்ந்து கொடுத்தால் அடக்குகிற மருந்தாகிறது என்ற இந்தத் தலைகீழ் உண்மைதான் இன்றைக்குக் கோடம்பாக்கத்திலும் பெரம்பூரிலும் போடப்படும் ஊசிக்கு அடிப்படை.

இதே குடும்பத்தில் கோசெரெலின், டிரிப்டோரெலின் என்ற மருந்துகளும் உண்டு. வேலை ஒன்றே. கோசெரெலின் மட்டும் அரிசி மணி போன்ற சிறு குச்சியாக வயிற்றுத் தோலுக்கடியில் வைக்கப்படும்.

முதல் இரண்டு வாரம்: களேபரம்

கடைக்கு வரும் தாத்தாக்களிடம் நான் அதிகம் பேசுவது இந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான். மணி மாட்டிக்கொண்ட முதல் பத்து நிமிடம் போல, ஊசி போட்டதும் ஹார்மோன் குறையாது, ஏறும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு டெஸ்டோஸ்டிரோன்தான் தீனி. 1941-லேயே சார்லஸ் ஹக்கின்ஸ் இதைக் காட்டினார், 1966-ல் நோபல் வாங்கினார். அந்தத் தீனி சில நாட்களுக்கு அதிகமாகக் கிடைப்பதால் எலும்பு வலி கூடலாம், சிறுநீர் போக முடியாமல் அடைக்கலாம். முதுகெலும்புக்குப் பரவியவர்களுக்குத் தண்டுவடம் நசுங்கிக் கால் செயலிழக்கும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் டாக்டர்கள் முதல் ஊசிக்கு முன்பிருந்தே சில வாரங்களுக்கு பைகாலுடமைடு போன்ற மாத்திரை எழுதுவார்கள். ஏறுகிற டெஸ்டோஸ்டிரோன் கட்டியைத் தொடாதபடி அது மறைத்து நிற்கும்.

"ஊசிதான் போட்டாச்சே, மாத்திரை எதுக்கு" என்று சிலர் அதை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. முதுகு வலி திடீரென்று கூடி, கால் பலவீனமானாலோ மரத்தாலோ, சிறுநீர் வராமல் போனாலோ காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். இது நாள் தள்ளிப்போட்டால் காலை இழக்கும் விஷயம்.

இந்த ஆரம்ப ஏற்றமே வேண்டாம் என்றால் வேறு வழியும் உண்டு. டெகாரெலிக்ஸ் என்ற ஊசி, மணியை ஓயாமல் அடிப்பதற்குப் பதில் கம்பியையே அறுத்துவிடும். முதல் நாளிலிருந்தே ஹார்மோன் இறங்கும். மாதா மாதம் போட வேண்டியிருப்பது அதன் சங்கடம். தண்டுவடத்துக்கு ஆபத்து இருப்பவர்களுக்கு டாக்டர்கள் அதை யோசிப்பார்கள். விதைகளை அறுவை சிகிச்சையில் அகற்றிவிடுவதும் இன்றும் ஒரு வழிதான். ஒரே தடவை, செலவு குறைவு, ஆனால் திரும்ப முடியாத முடிவு. மாதம் தவறாமல் ஊசிக்கு வர முடியாத குடும்பங்கள் அதைப் பற்றி டாக்டரிடம் வெட்கப்படாமல் கேட்கலாம்.

பெண்களுக்கும் முதல் சில வாரங்களில் வலியும் ரத்தப்போக்கும் கொஞ்சம் கூடித் தெரியலாம். சிறுமிகளுக்கும் ஆரம்பத்தில் லேசாக ரத்தக்கறை படலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் இரண்டாம் மாதத்துக்கு மேலும் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அந்த ஏழு வயதுப் பெண்ணின் கதை

பெண் குழந்தைக்கு எட்டு வயதுக்கு முன்பும், ஆண் குழந்தைக்கு ஒன்பது வயதுக்கு முன்பும் பூப்பு அறிகுறிகள் தொடங்கினால் அது முன்கூட்டிய பூப்பு. நம் வீடுகளில் இதை ரகசியமாக வைப்பதும், "சீக்கிரம் பெரிய மனுஷியாயிட்டா என்ன, நல்லதுதானே" என்று பாட்டி சொல்வதும் நடக்கும். நல்லதில்லை. ஈஸ்ட்ரோஜன் எலும்பை வேகமாக வளர்க்கும், வளர்ச்சி முனைகளை வேகமாக மூடியும் விடும். இரண்டாம் வகுப்பில் வரிசையில் கடைசியில் நிற்கும் உயரமான பிள்ளை, பத்தாம் வகுப்பில் முதலில் நிற்கும் குட்டையான பிள்ளையாகிவிடும். அதோடு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நாப்கின் மாற்றத் தெரியாது. அவளுடைய மனம் இன்னும் குழந்தை மனம்.

இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். ரத்தத்தில் எல்எச் அளவைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மூளையை எம்ஆர்ஐ எடுப்பார்கள், அங்கே ஏதும் கோளாறு இல்லை என்று உறுதிசெய்ய. எழும்பூர் அரசுக் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடங்களுக்கு வருகிறவர்கள் இந்த எம்ஆர்ஐயைக் கேட்டதும் நடுங்குகிறார்கள். பெரும்பாலான சிறுமிகளிடம் எந்தக் காரணமும் தென்படுவதில்லை. பார்க்காமல் விடக்கூடாது என்பதற்காகத்தான் பார்க்கிறார்கள்.

ஊசியை நிறுத்துகிற வயது பொதுவாகப் பெண்ணுக்குப் பதினொன்று, ஆணுக்குப் பன்னிரண்டை ஒட்டி வரும். நிறுத்தியதும் உறங்கிய கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கும், பூப்பு வழக்கம்போல நடக்கும். "பின்னாடி குழந்தை பிறக்குமாண்ணா?" என்று அந்த அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார். இந்த ஊசி சினைப்பையை அழிப்பதில்லை, தூங்க வைக்கிறது.

குழந்தைகளிடம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று மனநிலை: காரணமில்லாமல் அழுகை, எரிச்சல். இன்னொன்று அபூர்வமானது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது. மூளையைச் சுற்றி அழுத்தம் கூடி விடாத தலைவலி, பார்வை மங்கல் அல்லது இரட்டைப் பார்வை, வாந்தி, காதில் இரைச்சல் வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் இந்த எச்சரிக்கையைச் சேர்த்தது. பிள்ளை "போர்டு சரியா தெரியல" என்றால் கண்ணாடிக் கடைக்குப் போகும் முன் ஊசி எழுதிய டாக்டருக்குப் போன் போடுங்கள்.

எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு

கர்ப்பப்பையின் உள்வரியைப் போன்ற திசு வெளியே வளர்ந்து, மாதா மாதம் ஈஸ்ட்ரோஜன் ஏறும்போதெல்லாம் வீங்கி ரத்தம் கசிந்து வலிப்பதுதான் எண்டோமெட்ரியோசிஸ். "எல்லாப் பொண்ணுக்கும் வர்ற வலிதானே" என்று சொல்லிச் சொல்லியே வருடக்கணக்கில் பெண்களை இழுத்தடிக்கும் நோய். மின்சார ரயிலில் நிற்க முடியாமல் கீழே உட்கார்ந்துவிடும் அளவுக்கு வலிக்கிற பெண்ணிடம் அப்படிச் சொல்வது கொடுமை என்று எனக்குத் தோன்றுகிறது. ஈஸ்ட்ரோஜனை அடக்கினால் மாதவிடாய் நிற்கும், அந்தத் திசு ஒடுங்கும், வலி குறையும். பொதுவாக ஆறு மாதம் போடுவார்கள். ஃபைப்ராய்டு எனும் கர்ப்பப்பைக் கட்டி என்றால் அறுவை சிகிச்சைக்கு முன் மூன்று மாதம் வரை போட்டுக் கட்டியைச் சுருக்கி, ரத்தப்போக்கை நிறுத்தி, கூடவே இரும்புச்சத்து கொடுத்து ரத்தசோகையைத் தேற்றுவார்கள்.

நோய் இதில் ஒழிந்துவிடாது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஊசியை நிறுத்தி இரண்டு மூன்று மாதத்தில் மாதவிடாய் திரும்பும், வலியும் பலருக்குத் திரும்பும். அடுத்து என்ன என்ற திட்டம் முதல் ஊசியின் போதே டாக்டரிடம் பேசி வைத்திருக்க வேண்டும்.

மாதவிடாய் நின்றுவிட்டதால் கர்ப்பம் ஆகாது என்று நினைப்பது பெரிய தவறு. ஊசி நாள் தள்ளினால் சினைமுட்டை வெளிவரலாம், கருவுக்கு இந்த மருந்து ஆகாது. கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே முதல் ஊசி. அப்புறம் ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத தடுப்பு வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்களுக்கும் இந்த ஊசி கிடையாது.

குழந்தையின்மை சிகிச்சையில் இதே மருந்து சிறு அளவில் தினசரி ஊசியாக வரும். முட்டை தன்னிஷ்டத்துக்கு முன்கூட்டி வெளியேறாமல் பிடித்து வைக்க. மாதவிடாய் நிற்காத வயதில் சில வகை மார்பகப் புற்றுநோய்க்கும் இந்தக் குடும்பத்து ஊசிகள் உண்டு.

கத்திரி வெயிலில் உள்ளிருந்தும் ஒரு வெயில்

ஹார்மோன் இல்லாத உடம்பு என்பது திடீரென்று வந்த மாதவிடாய் நிறுத்தம் போல. குப்பென்று முகமும் மார்பும் சூடேறி, வேர்த்து, பிறகு குளிரும். ஆண்களுக்கும் இது வரும், அவர்கள்தான் அதிகம் மிரள்கிறார்கள். சென்னையில் மே மாதத்தில் எது கத்திரி வெயில், எது மருந்து என்று பிரித்தறியவே முடியாது. பருத்தித் துணி, தலைமாட்டில் டேபிள் ஃபேன், கொதிக்கக் கொதிக்கக் காபியும் காரக் குழம்பும் தூண்டிவிட்டால் அவற்றைக் குறைப்பது என்று சமாளிக்கலாம். தூக்கமே போய்விட்டால் இதற்கும் மாத்திரைகள் உண்டு, கேளுங்கள்.

தாம்பத்திய ஆசை குறையும், ஆண்மைக் குறைவு வரும், சோர்வு வரும், மனம் சோர்ந்து அழுத்தமாகவும் மாறலாம். வில்லிவாக்கத்துப் பெரியவர் நாலு மாதம் கழித்துத்தான் வாய் திறந்தார். "எனக்கு ஏதோ ஆயிடுச்சுப்பா, எதுலயும் மனசு ஒட்டல" என்றார். அவர் மனைவியும் அதுவரை அவர் தன்மேல் கோபமாக இருப்பதாகவே நினைத்திருந்தாராம். மருந்தின் விளைவு என்று தெரிந்ததும் இருவருக்கும் பாதி பாரம் இறங்கியது. இதை முதல் நாளே அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது எலும்பில். ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் எலும்பின் காவலர்கள். அவை இல்லாவிட்டால் எலும்பு அடர்த்தி மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எண்டோமெட்ரியோசிஸுக்கு ஆறு மாதம் என்று எல்லை வைப்பது இதற்காகத்தான். அதற்கு மேல் தொடர வேண்டுமென்றால் நோரெதிஸ்டிரோன் போன்ற மாத்திரையைச் சிறு அளவில் சேர்த்துக் கொடுப்பார்கள். நோயைத் தூண்டாத அளவுக்கு, எலும்பைக் காக்கும் அளவுக்கு. வருடக்கணக்கில் ஊசி போடும் ஆண்களுக்கு ஆரம்பத்திலேயே டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பின் நிலையைப் பார்ப்பது நல்லது. கேழ்வரகு, எள், பால், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் சுண்ணாம்புச்சத்து தரும். வெயில் இத்தனை இருந்தும் வீட்டுக்குள்ளும் ஆபீஸுக்குள்ளும் இருக்கும் நமக்கு வைட்டமின் டி குறைவு சகஜம், அதையும் பார்க்க வேண்டும். நடப்பதோடு கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். தசையும் கூடவே கரைகிறது என்பதால்.

ஆண்களுக்குச் சர்க்கரை நோய், மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடலாம் என்று 2010-லேயே எச்சரிக்கை வந்தது. நம் ஊரில் அறுபது தாண்டிய பலரிடம் ஏற்கெனவே ஒரு சர்க்கரை மாத்திரைப் பட்டை இருக்கும். ஊசி தொடங்கியதும் சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனால் சோற்றை மட்டும் குறை சொல்லாதீர்கள். இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு, மனஅழுத்தம் முன்பு இருந்திருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால், ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மிக அபூர்வமாக, பிட்யூட்டரியில் தெரியாத கட்டி இருப்பவர்களுக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் அதில் ரத்தம் கசிந்து தாங்க முடியாத தலைவலி, வாந்தி, பார்வைக் கோளாறு வரும். அதுவும் அவசரச் சிகிச்சைதான்.

டிப்போ என்ற சொல்

பஸ் டிப்போவில் விடியற்காலையில் எல்லாப் பஸ்ஸும் ஒரேயடியாக வெளியே வருவதில்லை, ஒவ்வொன்றாகக் கிளம்பும். டிப்போ ஊசியும் அப்படித்தான். ஆபரேஷன் தையலில் தானாகக் கரையும் நூல் இருக்கிறதே, அதே வகைப் பொருளால் செய்த நுண்ணிய உருண்டைகளுக்குள் மருந்து இருக்கும். தசைக்குள் போனதும் உருண்டைகள் மெல்லக் கரைந்து மருந்தை வாரக்கணக்கில் விடும்.

அதனால்தான் கலக்குவதில் கவனம் வேண்டும். பொடியையும் திரவத்தையும் பெட்டியில் சொல்லியபடி கலந்து உடனே போட வேண்டும். பாதிப் பொடி பாட்டிலில் ஒட்டிக்கொண்டால் அந்த மாதம் மருந்து பாதிதான். கலப்பதில் நேரும் தவறுகளால் மருந்து குறைவாகப் போவதைப் பார்த்து ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் தனியாக எச்சரித்தது. பழக்கமில்லாத பக்கத்துத் தெரு கிளினிக்கை விட, எழுதிய ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொள்வதை நான் சொல்வேன். இடது பக்கம், வலது பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். போட்ட இடம் வீங்கிச் சிவந்து நாள்கணக்கில் கட்டியாக நின்றால் காட்ட வேண்டும்.

பெட்டியில் மில்லிகிராமையும் படியுங்கள். 3.75 மாத ஊசி, 11.25 மூன்று மாத ஊசி. புராஸ்டேட்டுக்கு 7.5 மாதத்துக்கும் 22.5 மூன்று மாதத்துக்கும் வரும். ஒரு தடவை ஒருவர் வேறு கடையில் வாங்கிய பெட்டியைக் காட்டினார், சீட்டில் 3.75, பெட்டியில் 11.25. ஊசி போடும் முன் பார்த்ததால் தப்பியது. மூன்று மாத ஊசியை மூன்றாகப் பிரித்துப் போட முடியாது, ஒரு மாத ஊசி மூன்றை ஒன்றாகச் சேர்க்கவும் முடியாது. உருண்டைகளின் அமைப்பே வேறு. எந்தப் பெட்டி ஃபிரிட்ஜில், எது வெளியில் என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடைக்காரரைக் கேட்டு, பெட்டி மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவு குடும்பத்தை அழுத்தும் மருந்து இது. முதல்வரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசையில் விசாரியுங்கள். ஒரே மருந்தை வேறு கம்பெனி குறைந்த விலைக்குத் தருகிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். விலைக்காக நீங்களாக ஒரு மாதம் தாண்டிப் போடாதீர்கள். மாத ஊசி இருபத்தெட்டு நாள் கணக்கில் வருவது. தள்ளினால் மணி மறுபடி முதலிலிருந்து அடிக்கத் தொடங்கலாம்.

அந்த அம்மா இப்போது ஆறாவது பெட்டி வாங்கிப் போயிருக்கிறார். போன வாரம் வந்து, அடுத்த ஊசி நாள் பொங்கலன்று விழுகிறது, ஊருக்குத் தென்காசி போக வேண்டும், என்ன செய்வது என்று கேட்டார். டாக்டருக்குப் போன் போட்டுப் பேசி, கிளம்புவதற்கு முந்தின நாளே போட்டுக்கொள்வதாக முடிவானது. காலண்டரில் ஜனவரி மாதத் தாளைத் திருப்பி, பழைய தேதியை அடித்து, புதிய தேதியைச் சிவப்பு மையில் அந்தப் பிள்ளையே வட்டமிட்டது.